பாலத்து இறக்கத்தில் வெடித்த பிக்கப்

தம்பிமாரே, போன கிழமை கலியாண வீட்டுப் பந்தியில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: கிழட்டுப் பிக்கப் ஒன்றுக்கு எவ்வளவு செலவழிக்கலாம், எந்த இடத்தில் "இனிச் சரிவராது" என்று கையை விரிக்கலாம்? கேள்வி நல்லது. கேட்ட நேரம்தான் பிழை. என் இலையில் அப்போதுதான் பாயாசம் ஊற்றியிருந்தார்கள். பிறகு சொல்கிறேன் என்று தப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஸ்பானரைக் கீழே வைத்துக் கனகாலம். ஆனாலும் றோட்டில் ஒரு வண்டி இருமிக்கொண்டு போனால் காது தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதற்கு வீட்டில் எனக்கு நல்ல ஏச்சும் விழுகிறது.

பழைய பிக்கப்புக்கு வருகிற வருத்தங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஒரு பக்கம் கடற்காற்று, மறுபக்கம் வாவிக்காற்று. எங்கள் ஊரில் முதலில் போவது தகரம். சாரதியின் காலடி உக்கி, ஓடும்போதே கீழே றோட்டுத் தெரியும். பிறகு பிறேக் குழாய் கறள் பிடிக்கும். றேடியேற்றர் ஒழுகும். மூன்றாம் கியர் நினைத்த இடத்தில் கழன்றுகொள்ளும். பற்றறி விடிய உயிரோடு இருந்து மத்தியானம் செத்துப்போகும். இவ்வளவும் ஒரே வண்டியில் இருந்தால் அதை எங்களிடம் கொண்டுவருகிறவர், "சின்னப் பழுதுதான், ஒருக்காப் பாருங்க" என்பார். அந்தச் சிரிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உங்களுக்கு இப்போது போனை அமத்தினால் உதிரிப்பாகம் வாசலுக்கு வருகிறது. யுத்த காலத்தில் ஒரு சாமானின் விலையில் பாதி, அது தாண்டி வந்த சென்றிகளின் விலை. கொழும்பிலிருந்து ஒரு கிளச் பிளேட் எங்கள் கைக்கு வருவதற்குள் எத்தனை காவலரணில் எத்தனை பேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களோ தெரியாது. புதுப் பற்றறி ஒன்றை வாவிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகவே முடியாது. ஆகவே ஒட்டினோம், ஈயம் வைத்தோம், ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் போட்டோம். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு சந்தோசம் வருகிறது. ஏன் என்று கேட்காதீர்கள். சந்தோசப்படுகிற காலமாக அது இருக்கவில்லை.

அந்தக் காலத்துப் பிழைகளும் எங்கள் ஊருக்கே உரிய பிழைகள். மாரியில் மழைவெள்ளம் இறங்கி வாவித் தண்ணீர் இனித்துக் கிடக்கும். லொறிக்காரர்கள் கரையில் நிறுத்தி வாளியால் அள்ளி றேடியேற்றருக்கு ஊற்றிவிட்டுப் போவார்கள். வாவி கடலோடு சேருகிற கடல்வாய் மணலை வெட்டிவிட்டால் உப்பு உள்ளே ஏறிவிடும், நேற்றைய தண்ணீர் இன்றைக்கு இல்லை. இது தெரியாமல் அதே இடத்தில் அதே வாளியால் அள்ளி ஊற்றி எஞ்சினை உள்ளுக்குள்ளேயே அரிக்கவிட்ட ஒரு சாரதியை எனக்குத் தெரியும். அவர் அந்த வாவிக்கரையிலேயே பிறந்தவர். அதனால்தான் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தொழில் பழக்கிய பாஸ், மட்டக்களப்புப் பட்டணத்தில் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். கிறிஸ்மஸ் வந்தால் வயலினும் கையுமாகத் திரிவார், கராஜ் பக்கம் தலைகாட்ட மாட்டார். தொழிலில் பெரிய பொறுமைசாலி என்றும் சொல்லமாட்டேன், ஸ்பானரால் எறி வாங்கியிருக்கிறேன். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வண்டி வந்தால் பொனற்றைத் திறக்க மாட்டார். சாரதிக்குப் பக்கத்தில் ஏறி இருந்து, "ஓட்டு, சும்மா ஒரு சுற்றுப் போவம்" என்பார். போகிற வழியெல்லாம் மீன் விலை கதைப்பார். கண் மட்டும் சாரதியின் கையிலும் காலிலும் இருக்கும். எங்களுக்கு அது வேலைநேரத்தில் ஊர் சுற்றுகிற சாக்காகத்தான் பட்டது. அந்தச் சாக்கு ஒருநாள் என் கையில் ஓர் உயிரைக் கொண்டுவந்து வைத்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அப்போது நான் களுதாவளையில் பெரிய றோட்டுக்கரையில் சொந்தமாகக் கராஜ் போட்டிருந்தேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்தில் பூமணி அக்கா என்று ஒருவர் இருந்தார். அவருடைய புருசன் ஒரு பெற்றோல் பிக்கப் வைத்து ஓட்டினவர். ஒருநாள் கரடியனாற்றுப் பக்கம் வேலையாகப் போனார். வண்டி றோட்டோரத்தில் நின்றது, ஆளைக் காணவில்லை. யார் மறித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அக்கா ஏறாத படியில்லை. கடைசியில் வண்டி மட்டும்தான் வீட்டுக்கு வந்தது.

அதை விற்கச் சொல்லி ஊரே சொன்னது. அக்கா விற்கவில்லை. புருசனின் தங்கச்சியின் மகன் சிவத்தைச் சாரதியாக வைத்துக்கொண்டார். அப்போதுதான் கலியாணம் முடித்திருந்த பொடியன், அதிகம் கதைக்க மாட்டான். வட்டை வயலிலிருந்து நெல், தோட்டத்திலிருந்து கத்தரிக்காயும் பூசணியும் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே எழுவான்கரைச் சந்தைக்கு வரும். திரும்பிப் போகும்போது சீனி, சவர்க்காரம், பால்மா போகும். இடையில் பாம்பு கடித்தவர், காய்ச்சல்காரர், பிள்ளைப்பெறுவுக்குப் போகிறவர் என்று எல்லாருக்கும் அந்த ஒரு பிக்கப்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் கட்டுப்பாடு, இந்தப் பக்கம் ஆமியின் கட்டுப்பாடு. பெற்றோல் அந்தப் பக்கம் போவது மருந்து போவதுபோல, எண்ணித்தான் விடுவார்கள். அக்கா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் போத்தலால் அளந்து பெற்றோல் ராங்கில் ஊற்றித்தான் வண்டியை வெளிக்கிட விடுவார்.

அந்த வண்டிக்கு வந்த வருத்தம்தான் கதை. பாலத்தைத் தாண்டி, சென்றி வருகிற இடத்தில், பின்னால் சைலன்சருக்குள் பெரிய சத்தத்தோடு வெடிக்கத் தொடங்கியது. நெல் மில்லுக்குப் பக்கத்தில் வெடித்தால் ஆட்கள் சிரிப்பார்கள். சென்றிக்கு முன்னால் வெடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் தரம் காவலரணில் நின்றவர்கள் எல்லாரும் மண்ணில் விழுந்து துவக்கை நீட்டினார்கள். சிவத்தை இறக்கி, வெயிலில் முழங்காலில் இருத்தி, வண்டியைக் கழற்றாத குறையாகச் சோதித்தார்கள். அடுத்த தரம் வெடித்தபோது பொறுப்பாக நின்றவர் வந்து, இன்னொருக்கா இந்தச் சத்தம் கேட்டால் கேள்வி கேட்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்.

பூமணி அக்கா என் கராஜுக்கு வந்தது அதற்குப் பிறகு. பஸ்ஸில் வந்தார். கையில் பன்புல்லில் இழைத்த பன்பை. அதைக் கவிழ்த்து என் மேசையில் கொட்டினார். பிளக், பொயின்ற், கண்டென்சர், காபரேட்டரின் சின்னச் சாமான்கள். எனக்கு முந்தி இரண்டு கராஜில் பார்த்துக் கழற்றி மாற்றின பழைய சாமான்கள் எல்லாம். சைலன்சரும் புதிது போட்டாயிற்றாம், அதைப் பையில் கொண்டுவர முடியவில்லை.

"இவ்வளவும் மாத்தின தம்பி. இன்னும் வெடிக்கிது," என்றார். "இனி நான் என்னத்த மாத்துற?"

"வண்டிய ஒருக்கா இஞ்ச விடுங்க அக்கா, பாப்பம்."

"பாருங்க. ஆனா ஒண்டு சொல்றன். இது கடைசி. உங்களாலயும் ஏலாட்டி நான் அத இரும்புக்குப் போடுறன். அவரும் போயிட்டாரு. அவர்ர தங்கச்சிர பொடியனையும் நான் இந்த வண்டியால குடுக்கிறயா? அவன்ட பெண்சாதி வேற வயித்தில பிள்ளையோட இரிக்கா."

அக்கா அழவில்லை. பழைய பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார். அவை ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சிவம் வெறும் வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனான், அன்றைக்குச் சத்தம் இல்லையாம். நான் பார்த்தேன். பொறி சரியாக அடிக்கிறது. வால்வு சரி. முன்னைய கராஜ்காரர் இரண்டு பேரும் வேலையில் பிழை விடவில்லை, ஏமாற்றவும் இல்லை. பெரிய றோட்டில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் போய்க் கிறுகி வந்தேன். சமத்தாக ஓடியது. வேகமாகப் போய்க் காலை எடுத்தேன், திரும்ப அமத்தினேன். ஒரு வெடியும் இல்லை. என் கையில் கன்றுக்குட்டிபோல நடக்கிற வண்டி, பாலத்தடியில் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பின்னேரம் முழுக்க பெற்றோல் குழாயை ஊதிக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் பாஸின் அந்த ஊர் சுற்றுகிற பழக்கம் நினைவுக்கு வந்தது. சிவத்திடம் வண்டியைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த லோடோடு வரும்போது நானும் வருகிறேன் என்றேன்.

அப்படித்தான் ஒரு காலையில் நான் பழுகாமம் போனேன். அக்கா முதல் பஸ்ஸிலேயே களுதாவளைக்கு வெளிக்கிட்டிருந்தார். கராஜில் காத்திருந்து, வண்டி வந்து சேர்ந்ததும் விற்கிறதா வைத்திருக்கிறதா என்று முடிவு எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பின்னால் பூசணியும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு நானும் சிவமும் புறப்பட்டோம். நான் பாஸைப் போலவே மீன் விலை கதைத்தேன். சிவத்துக்கு மீன் விலையில் அக்கறை இல்லை. பெண்சாதிக்கு மாதம் கிட்டுகிறது, கால் வீங்கியிருக்கு, மருத்துவிச்சி பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறா என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அவன் அவ்வளவு கதைத்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

பாலம் வந்தது. எங்கள் ஊரைப் பற்றி ஒன்று யோசித்துப் பாருங்கள். வயலும் வாவியும் கடற்கரையும், எல்லாம் மட்டம். இறக்கம் என்று சொல்ல இருப்பது பாலத்தடி மட்டும்தான். சென்றி இருப்பதும் அங்கேதான். பாலத்தின் நடுவில் ஏறினோம். உச்சியில் வைத்துச் சிவம் இடது கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். தலை சொறிகிறவன் யோசிக்காமல் சொறிகிற மாதிரி. கதையும் நிற்கவில்லை. வண்டி கியரில் கிடந்தபடியே சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியது.

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. சாவியை நிறுத்தினால் பொறி நிற்கும், அவ்வளவுதான். கியரில் கிடக்கிற வண்டியின் சில்லு எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் பெற்றோலை உறிஞ்சி, எரிக்காமல், லோடு இழுத்துச் சூடேறின சைலன்சருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். இறக்கம் முடிகிற இடத்தில் சாவியைத் திரும்பப் போட்டால் முதல் பொறியோடு அவ்வளவும் ஒன்றாக வெடிக்கும். இறக்கம் முடிகிற இடம் சென்றி.

அவனுடைய கை சாவிக்குப் போனது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சாவியத் தொடாத."

"விடுங்க அண்ணன், தொடாட்டி வண்டி நிண்டுரும். பற்றறி இல்ல. மறுகா ஸ்ராட் வரா."

"நிக்கட்டும்."

"நிண்டா அவனுகள் என்னத்துக்கு நிப்பாட்டின எண்டு கேப்பானுகள்."

"கேக்கட்டும். கேக்க விடு."

பாருங்கள், இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். இரண்டு பக்கமும் ஆபத்து. சாவியைப் போட்டால் சத்தம். போடாவிட்டால் இரண்டு தரம் வெடித்த அதே வண்டி, காவலரணுக்கு முன்னால் காரணமில்லாமல் செத்து நிற்கும். யோசிக்க நேரம் இல்லை. எந்தப் பிழைக்குப் பிறகு வாய் திறந்து ஒரு சொல்லாவது சொல்ல முடியும் என்று மட்டும் பார்த்தேன். வெடிக்குப் பிறகு கதைக்க ஆள் இருக்காது.

பிறேக் பிடிக்கிற நிலைமையில் இல்லை. நல்லவேளை, கியரே வண்டியை இழுத்துப் பிடித்து, தார்ப் பீப்பாக்களுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தியது. இரண்டு பேரும் கைகளை யன்னலுக்கு வெளியே நீட்டினோம். சென்றியில் இருந்தவர்கள் அந்த வண்டியைக் கண்டதுமே மணல் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள். நான் மெல்ல இறங்கி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பற்றறி செத்துவிட்டது, தள்ளித்தான் கொண்டுவர வேண்டும், நான் மெக்கானிக் பாஸ், பழுது பார்க்க வந்தவன் என்று சொன்னேன். என் கையில் கிறீஸ் இருந்தது. அன்றைக்கு அதைவிட நல்ல அடையாள அட்டை எனக்கு இருந்திருக்காது.

சரி, தள்ளு என்றார்கள். பூசணி லோடு. இரண்டு பேராலும் அசைக்க முடியவில்லை. அந்த நேரம் பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்கள் வழக்கம்போல இறங்கிச் சோதனைக்காக நடந்து வந்தார்கள். ஒரு வாத்தியார் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். ஒரு மீன்காரப் பெண் கடகத்தைப் பூசணிகளின் மேல் வைத்துவிட்டு, "இதுக்கும் சேத்துத் தள்ளுங்க" என்று தானும் தள்ளினார். எல்லாருமாகத் தள்ளி பிக்கப்பைச் சென்றியைத் தாண்டி ஒரு வாகை மரத்தடிக்குக் கொண்டுபோனோம். ஒரு சத்தமும் இல்லை.

சைலன்சர் ஆறும்வரை காத்திருந்தோம். அங்கே வைத்துத்தான் கேட்டேன்.

"ஏன் மனே நிப்பாட்டுற?"

சிவம் நிலத்தில் கிடந்த வாகைக் காய் ஒன்றை எடுத்து உடைத்தான். பிறகு சொன்னான். "பெற்றோல் மிச்சம் பிடிக்க. ஒவ்வொரு ஓட்டத்திலயும் கொஞ்சம் மிஞ்சும்தானே அண்ணன். அத குழாயால எடுத்துப் போத்தல்ல வைப்பன். மூண்டு போத்தல் சேந்திருக்கு."

"என்னத்துக்கு?"

"அவளுக்கு நோக்காடு வாற அண்டைக்கு ராங்கில ஒண்டும் இல்லாட்டி?"

"மாமியக் கேட்டா தரமாட்டாவா?"

"தருவா. ஆனா அண்டைக்கு அவட்டயும் இல்லாட்டி?" என்றான். பிறகு, "சத்தம் இதால எண்டு எனக்குச் சத்தியமாத் தெரியா. ஒருத்தரும் என்ன ஒண்டும் கேக்கல்ல. நிப்பாட்டுறன் எண்டு சொன்னா மிஞ்சின பெற்றோல் எங்க எண்டு வருமே. மாமிட்டச் சொல்லாதீங்க அண்ணன். நான் திருடுறன் எண்டு நினைப்பா."

எனக்கு ஆத்திரமும் வந்தது, அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. பெண்சாதியைக் காப்பாற்ற அவன் செய்த வேலை அவளை இரண்டு தரம் விதவையாக்கப் பார்த்திருக்கிறது. ஆனால் வேறொன்றும் என் மனதில் உறுத்தியது. கியரில் கிடந்து இறங்கினால் எஞ்சின் பெற்றோலைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த இறக்கத்தில் அவன் மிச்சம் பிடித்தது ஒரு துளியும் இல்லை. ராங்கிலிருந்து மூன்று போத்தல் எடுத்த வண்டி எங்கேயாவது ஒருநாள் நடுவழியில் காய்ந்து நின்றிருக்க வேண்டும். நின்றதா என்று கேட்டேன். ஒருநாளும் இல்லை என்றான்.

மாமியிடம் நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீ சொல்லாமல் இந்த வண்டி என் கராஜை விட்டுப் போகாது என்றேன். ஏதோ ஒரு வால்வில் பழி போட்டுவிட்டு நானும் நல்லவனாகப் போயிருக்கலாம். தம்பிமாரே, அந்த ஆசை எனக்கு வந்தது. அப்படிச் செய்திருந்தால் அக்கா இன்னொரு பழைய சாமானைப் பன்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். சிவமும் பயத்தில் கொஞ்ச நாள் விட்டுவிட்டு, மாதம் நெருங்க நெருங்கத் திரும்பவும் சாவியில் கை வைத்திருப்பான்.

றோட்டில் போனவர்களைக் கொண்டு தள்ளி ஸ்ராட் செய்து வந்து சேர்ந்தபோது கராஜில் அக்கா எழும்பி நின்றார். வண்டி வெடிக்காமல் வந்ததா என்று அவர் முகம் கேட்டுக்கொண்டு நின்றது. "என்ன பழுது தம்பி? எவ்வளவு முடியும்?"

"அதுக்கு ஒரு செலவும் இல்ல அக்கா. சிவம் சொல்லுவான்."

சிவம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சாவியை நிறுத்தினது, குழாயால் எடுத்தது, மூன்று போத்தல், எல்லாம் சொன்னான். நான் ஒரு துணியை எடுத்துத் துடைத்த ஸ்பானரையே திரும்பத் துடைத்தேன்.

அக்கா ஏசவில்லை. பலகை வாங்கிலில் அமர்ந்தார். "போத்தல் எனக்குத் தெரியும்," என்றார்.

சிவம் நிமிர்ந்து பார்த்தான்.

"குழாய வாயில வைச்சி உறிஞ்சிப்போட்டு வந்து என்னோட கதைச்சா பெற்றோல் மணக்காதா? வைக்கலுக்குள்ள தேடிப் பாத்தன். முதல்ல விக்கிறாய் எண்டுதான் நினைச்சன், வயிறு எரிஞ்சிச்சி. மறுகா பாத்தா விக்கிறவன்ட போத்தல் குறையணும், உன்ட நிறையுது. ஏன் எண்டு எனக்கு விளங்காதா? உன்ட பெண்சாதிர காலு எனக்குத் தெரியல்லயா?"

"அப்ப ஏன் மாமி..."

"கேட்டா வெக்கப்படுவாய். உன்ட மாமாவும் அப்பிடித்தான், வாய் திறந்து ஒண்டு கேக்க மாட்டாரு. அதான் அளக்கக்குள்ள நான் கொஞ்சம் கூட ஊத்தினன். நீ எடுக்கிறதுக்கும் சேத்து."

ஆக வண்டி நடுவழியில் ஏன் காயவில்லை என்பது எனக்கு விளங்கியது. சாவியைத் திருப்பித் திருப்பித் தான் மிச்சம் பிடிப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம், ஒன்றும் சொல்லாமல் அக்கா ஊற்றி விட்டது. மாமியும் மருமகனும் ஒருவரை ஒருவர் வெட்கப்படுத்தக்கூடாது என்று பேசாமல் இருந்ததில், சென்றிக்காரன் சுடாதது மட்டும்தான் குறை.

"போத்தல் மூண்டையும் இண்டைக்கே ராங்கில ஊத்து," என்றார் அக்கா. "சுற்றிவளைப்பில வந்து கண்டானுகள் எண்டா, பிள்ளைப்பெறுவுக்கு வைச்சது எண்டா நம்புவானுகள்? இனிக் கேட்டு வாங்கு மனே. நான் எப்ப உனக்கு இல்ல எண்டு சொன்ன?" அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

வண்டி இரும்புக்குப் போகவில்லை. கையில் இருந்த காசை எதற்குப் போடுவது என்று கேட்டார். கியர்ப் பெட்டிக்குத்தான் முதலில் நினைத்திருந்தார், மூன்றாம் கியர் கழன்றால் லோடு இழுக்காது. நான் பிறேக்குக்குப் போடச் சொன்னேன். பிறேக் பிடித்தால் அவன் இறக்கத்தில் எஞ்சினை நம்பி இறங்க வேண்டியதில்லை. மூன்றாம் கியரைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடலாம். பற்றறிக்கு வழியே இல்லை, சென்றியில் நிறுத்தச் சொன்னால் தள்ளத்தான் வேண்டும். பந்தியில் கேட்ட தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். வண்டியின் விலையோடு பழுதின் விலையை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அது நின்றால் யாருக்கு என்ன நின்றுபோகும் என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்க வேண்டுமென்றால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஏறி இருக்க வேண்டும்.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு பகல், நான் ஒரு லொறிக்கு அடியில் கிடந்தபோது அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. எழும்பி றோட்டுக்கு ஓடினேன். பிக்கப் பட்டணத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சிவம் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் சாக்கு விரித்து, அவன் பெண்சாதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பூமணி அக்கா. ஒரு கை தூக்கினார், கண் என் பக்கம் வரவில்லை. நீலப் புகையைக் கக்கிக்கொண்டு, ஒரு வெடியும் இல்லாமல், பெற்றோலைத் தாராளமாக எரித்துக்கொண்டு போனது. அது கண்ணுக்கு மறையும்வரை றோட்டில் நின்றேன்.

சில நாள் கழித்து அக்கா வந்தார். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். நான் பாலத்தடியைப் பற்றிக் கேட்டேன்.

"உச்சியில வைச்சி நான் பின்னால இருந்து கத்தினன், சாவியத் தொடாத எண்டு. தொடல்ல. சென்றியில நிப்பாட்டச் சொன்னானுகள், நிப்பாட்டினான். மறுகா ஸ்ராட் வரல்ல. பஸ்ஸும் இல்ல, றோட்டில ஒரு சனம் இல்ல. அவள் கத்துறாள். சிவம் தனியத் தள்ளுறான், அசையல்ல."

"அப்ப?"

"சிவத்த அண்டைக்கு முழங்கால்ல இருத்தினவன் ஒருத்தன் இரிக்கானே. அவன் துவக்க முதுகில போட்டுக்கிட்டு வந்து தள்ளினான் தம்பி. மற்றவனுகளையும் கூப்பிட்டான். என்ட முகத்துக்கு நேர நிண்டு தள்ளுறான், சின்னப் பொடியன், மீசையும் சரியா வரல்ல." அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். "அவனுக்கு நன்றி சொல்லுறதா, அவரு எங்க எண்டு அவனிட்டக் கேக்கிறதா எண்டு எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ரெண்டும் செய்யல்ல. அவள்ர தலையப் பிடிச்சிக்கிட்டு இருந்திட்டன்."